லேடாங் மலையின் பழைய பாதை: அசஹான் பக்கமாக மீண்டும் நடக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். உங்கள் அப்பா இளவயதில், நான் மலையேற்ற வழிகாட்டியாக இருந்த காலத்தில், என் குழுவோடு மலாக்காப் பக்கமாக அசஹானிலிருந்து மலேசியாவின் லேடாங் மலை ஏறியவர். அறுபதைக் கடந்துவிட்ட அவரை அதே பாதையில் மறுபடியும் அழைத்துப் போக விரும்புகிறீர்கள். 1854ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் நடந்த பாதை அதுதானா, அதில் இன்று என்ன எஞ்சியிருக்கிறது, சிங்கப்பூரர்கள் எல்லாரும் போகும், ஜொகூர் பக்கத்துச் சாகில் பாதையை விட்டுவிட்டு இதைத் தேடிப் போவது தகுமா, அப்பாவின் உடம்பு அதற்குத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் உச்சியைக் குறியாக வைத்துப் போகாதீர்கள். பாடாங் பத்து என்ற பாறை வெளியைக் குறியாக வைத்துப் போங்கள். அந்தப் பாதையின் வரலாற்று மதிப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நான் வழிகாட்டியாக இருந்த நாள்களில் இதை உணர்ந்திருந்தாலும், குழுவை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து வெளிச்சம் மங்குமுன் இறக்கிவிட வேண்டிய பொறுப்பு இருந்ததால், அங்கே நின்று பார்க்க நேரம் வாய்த்ததில்லை. சென்ற ஆண்டு எந்தப் பொறுப்பும் இல்லாமல், பழைய கூட்டாளிகள் சிலரோடு அந்தப் பக்கம் போய்வந்தபோதுதான் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 31. புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள காட்டிலேயே இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். இன்று டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் ஒரு நடைபாதை இருப்பது அதனால்தான். அங்கிருந்து ஜூலையில் மலாக்காவுக்குப் போனார். இரண்டு மாதம் அந்த வட்டாரத்தில் இருந்துவிட்டு செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர் திரும்பினார். அந்த இரண்டு மாதத்துக்குள் அடங்கியதுதான் லேடாங் பயணம். ஐரோப்பியர்கள் அந்த மலையை ஓஃபிர் என்று அழைத்தார்கள்; அவரும் அந்தப் பெயரையே எழுதியிருக்கிறார்.

அவருடன் போனவர்கள் இயற்கை வரலாற்றில் ஆர்வமுள்ள மலாக்கா இளைஞர் ஒருவரும், சுமை தூக்க ஆறு மலாய்க்காரர்களும். அரிசி, கொஞ்சம் பிஸ்கட், வெண்ணெய், காப்பித்தூள், கருவாடு, சிறிது பிராந்தி, போர்வைகள் ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறார். மலையடிவாரத்தில் குறைந்தது ஒரு வாரம் தங்கும் திட்டம் அது. வார இறுதியில் ஓடிப்போய் ஓடிவரும் நம் வழக்கத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், அவர் கண்டதில் பாதியைக்கூட நாம் ஏன் காண்பதில்லை என்பது விளங்கும்.

அவர் நடந்த பாதைதானா என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் மலாக்காவிலிருந்து உள்நாட்டு வழியாக வந்தவர். ஆகவே மலையின் மேற்குப் பக்கமாகத்தான் ஏறியிருக்க முடியும். அவர் விரிவாக விவரிக்கும் பாடாங் பத்து இருப்பதும் அசஹான் பாதையில்தான். ஆனால் கால் பதித்த தடம் அங்குலம் பிசகாமல் அதுதான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். மழைக்காட்டில் ஒரு தடம் ஒன்றரை நூற்றாண்டு காலம் அதே இடத்தில் கிடக்காது. மரம் ஒன்று குறுக்கே விழுந்தால் பாதை சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சுற்றே சில ஆண்டுகளில் நேர்ப்பாதையாகிவிடும். ஒரு சரிவு கரைந்தால் ஆட்கள் பக்கத்து முகட்டுக்கு மாறிவிடுவார்கள். என் காலத்துக்குள்ளேயே அசஹான் பக்கத்தில் அப்படிப் பாதை விலகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மாறாமல் இருப்பது வரிசை. வாலஸ் எழுதிவைத்த வரிசை இப்படிப் போகிறது: அடிவாரத்தில் சிக்கலான புதரும் சதுப்பும், அதைத் தாண்டியதும் கீழ்ச்செடிகள் அதிகமில்லாத, தாராளமாக நடக்கக்கூடிய உயர்ந்த காடு, இடப்பக்கத்தில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றை வைத்துக்கொண்டு பல மைல் தூரம் மிதமான ஏற்றம், பிறகு சமதளமான ஒரு தோள், அதற்கப்பால் ஏற்றம் செங்குத்தாகிக் காடு நெருக்கமாகும், திடீரென்று பாறை வெளி, மறுபடியும் காடு, ஆனால் குறுகிய குட்டை மரங்களின் காடு, முகடும் பள்ளமுமாகச் சில ஏற்ற இறக்கங்கள், உச்சிக்கு முன்னால் தனியாக நிற்கும் ஒரு சிகரம், இரண்டுக்கும் நடுவே ஓர் இறக்கம், அதன்பின் கையை ஊன்றி ஏறவேண்டிய கடைசி ஏற்றம். மலையின் உடற்கட்டு இது. மேல்பகுதியில் இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால், ஒவ்வொரு கட்டமும் தன் முறை வந்ததும் கண்முன் வருவதைக் காணலாம். பழைய பாதையை மீண்டும் நடப்பது என்று நான் சொல்வதும் இந்த வரிசையை நடப்பதைத்தான்.

கீழ்ப்பகுதி மட்டும் போய்விட்டது, அதை மறைப்பதற்கில்லை. வாலஸ் காலத்தில் மலையடிவாரம் வரை காடு இருந்தது. யானைச் சாணம்போல் தெரிந்த குவியல்களையும் காண்டாமிருகத் தடயங்களையும் அவர் அங்கே கண்டார். அவை வந்துவிடக்கூடும் என்று இரவில் தீ மூட்டி வைத்தார்கள். சுமை தூக்கிகளில் இருவர் ஒரு நாள் காண்டாமிருகத்தைக் கண்ணாலேயே கண்டதாகச் சொன்னார்கள். மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தபின், அந்த நாட்டில் அந்த இனமே இல்லாமல் போய்விட்டது. அடிவாரக் காடு பால்மர (ரப்பர்) தோட்டமாகி, பிறகு பல இடங்களில் செம்பனையாகவும் மாறிவிட்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அசஹான், ஜாசின் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் இன்றும் தமிழில் வழி கேட்கலாம். என் வழிகாட்டி நாள்களில் மழை நிலவரத்தை முதலில் விசாரித்ததும் அந்தக் கடைகளில்தான். மலையில் பெய்த மழையைப் பால்வெட்டுக்குப் போய்வந்தவர்களைவிடத் துல்லியமாகச் சொல்ல யாரும் இல்லை.

ஆகவே அடிவாரத்தில் பழமையைத் தேட வேண்டாம்; வண்டியிலேயே கடந்துவிடுங்கள். உயர்ந்த காட்டுக்குள் நுழைந்த பிறகு நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே அட்டைகள் இருக்கும். வாலஸ் காலத்திலும் இருந்தன. இலைகளின் நுனியில் முழுநீளத்துக்கு நீண்டு காத்திருந்து உடையில் தாவிக்கொண்டதையும், ஒரு நாள் கழுத்தோரம் ஒன்று கடித்துக்கொண்டிருந்து பெரிய இரத்தக் குழாய் மயிரிழையில் தப்பியதையும், சில வகைகளின் உடலில் பளிச்சென்ற மஞ்சள் கோடுகள் அழகாக இருந்ததையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். தன் இரத்தத்தை உறிஞ்சும் உயிரின் அழகையும் கவனித்து எழுதியவர் அவர். அந்தப் பொறுமைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

இனி பாடாங் பத்து. இதற்காகத்தான் இந்தப் பதிலை எழுதத் தொடங்கினேன்.

நிழலும் குளிர்ச்சியுமான காட்டுக்குள் பல மணி நேரம் ஏறிவந்தவர்கள் ஓர் அடி எடுத்துவைத்ததும் சுள்ளென்ற வெயிலில், சரிந்து கிடக்கும் பாறையின் மேல் நிற்பார்கள். வாலஸ் தம் காற்றழுத்தமானியைக் கொண்டு அந்த இடத்தின் உயரத்தை ஏறத்தாழ 2,800 அடி என்று கணித்தார். அதாவது சுமார் 850 மீட்டர். தாழ்நிலத் தாவரங்களிலிருந்து ஒரே அடியில் உயர்மலைத் தாவரங்களுக்குள் புகுந்துவிட்டதுபோல் இருந்தது என்பது அவர் கூற்றின் சாரம். அது மிகையன்று. 850 மீட்டர் உயரத்தில் உயர்மலைத் தாவரம் வளரும் அளவுக்குக் குளிர் இருக்காது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறு பாகை என்ற கணக்கில் அங்கே வெப்பநிலை அடிவாரத்தைவிட ஐந்து பாகை அளவுக்கே குறையும். மாற்றத்துக்குக் காரணம் உயரத்தைவிடப் பாறைதான். லேடாங் கருங்கல் மலை. அந்தச் சரிவில் மழை மண்ணைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வெடிப்புகளில் மட்டும் ஒரு கை அளவு மண் சேர்கிறது. அதிலும் சத்து இல்லை. பெரிய மரங்கள் அங்கே நிற்க முடியாது. சத்தில்லாத மண்ணில் வாழக் கற்றுக்கொண்ட செடிகளே நிற்கின்றன.

அவற்றில் முதன்மையானது குடுவைச் செடி. மண்ணில் கிடைக்காத சத்தைப் பூச்சிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள, இலை நுனியைக் குடுவையாக மாற்றிக்கொண்ட செடி அது. வாலஸும் கூட்டாளிகளும் அங்கே வந்து சேர்ந்தபோது கடும் தாகத்தில் இருந்தார்கள். பாடாங் பத்துவில் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லக் கேட்டிருந்தார்கள், தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் குடுவைச் செடிகளை நாடினார்கள். ஒவ்வொரு குடுவையிலும் அரை பைண்ட் அளவு, அதாவது ஏறத்தாழ 280 மில்லிலிட்டர், தண்ணீர் இருந்தது. அது முழுக்கப் பூச்சி. பார்க்கவே மனம் வரவில்லை. ஆனாலும் குடித்துப் பார்த்தபோது சற்று வெதுவெதுப்பாக இருந்ததே தவிரச் சுவையாகவே இருந்தது என்றும், எல்லாரும் அதிலேயே தாகம் தீர்த்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

சென்ற ஆண்டு அங்கே ஒரு வெடிப்பின் ஓரம் குனிந்து வெகுநேரம் பார்த்தேன். ஒரே கொடியில் மூன்று பருவத்துக் குடுவைகள் தொங்கின. இளங்குடுவை மூடி திறக்காமல், வெளிறிய பச்சையில், விரல் கனத்தில் இருந்தது. அதற்குள்ளும் நீர் உண்டு. செடியே சுரந்த நீர் அது, வெளியிலிருந்து எதுவும் விழாத நீர். திறந்த குடுவையின் விளிம்பு வழவழப்பாக மின்னியது. எறும்பு ஒன்று அந்த விளிம்பைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, மூன்றாவது சுற்றில் உள்பக்கமாகச் சறுக்கியது. முதிர்ந்த குடுவை பழுப்பேறி, பாதி காய்ந்து, அடியில் கறுப்பாகப் பூச்சிகளின் ஓடுகள் படிந்து கிடந்தன. வாலஸ் குடித்தது இரண்டாவது பருவத்துக் குடுவையிலிருந்து என்று எண்ணுகிறேன். நீங்கள் குடித்துப் பார்க்கக் கூடாது, பறிக்கவும் கூடாது. தண்ணீர் கையோடு இருக்கும் நமக்கு அந்தத் தேவை இல்லை, அங்கே செடிகளும் கைக்கெட்டும் இடங்களில் முன்புபோல் அடர்த்தியாக இல்லை.

பாறை வெளியின் மேல்விளிம்பில் மறுபடியும் புதர்க்காடு தொடங்கும் இடத்தில் பெரணிகளைத் தேடுங்கள். வாலஸ் இரண்டைக் குறிப்பிடுகிறார்: டிப்டெரிஸ், மாட்டோனியா. இரண்டும் ஆறு முதல் எட்டு அடி உயரம் வரை மெல்லிய தண்டில் எழுந்து, உச்சியில் கைவிரல்களை விரித்ததுபோல் இலை விரிப்பவை. மாட்டோனியாதான் உயரமானது, நளினமானது என்பது அவர் தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுவே. உலகில் லேடாங் மலையில் மட்டுமே அது இருப்பதாக அன்றைக்குக் கருதப்பட்டது. பிற்பாடு மலாயாவின் வேறு சிகரங்களிலும் போர்னியோவிலும் கண்டெடுக்கப்பட்டது. அதைவிட வியப்பு என்னவென்றால், அதன் குடும்பத்தைச் சேர்ந்த பெரணிகள் டைனோசார்கள் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பா உட்பட உலகின் பல பகுதிகளில் பரவிக் கிடந்ததற்குப் புதைபடிவச் சான்றுகள் உள்ளன. உலகம் முழுதும் இருந்த குலம் ஒன்று சுருங்கிச் சுருங்கி இந்த வட்டாரத்து மலைகளில் வந்து ஒண்டியிருக்கிறது. நாம் உச்சிக்குப் போகும் அவசரத்தில் அதைத் தோளால் உரசிக்கொண்டு கடந்து போகிறோம். உங்கள் அப்பா இளைஞராக இருந்தபோதும் அப்படித்தான் கடந்திருப்பார்; நானும் அப்படித்தான் அவரை விரட்டிக்கொண்டு போயிருப்பேன்.

பாடாங் பத்துவுக்கு மேல் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயணத்துக்கு அது கட்டாயமில்லை. குட்டை மரக்காட்டில் முகடும் பள்ளமுமாகப் போய், உச்சிக்கு எதிரே நிற்கும் சிகரத்தில் வாலஸின் சுமை தூக்கிகள் இதற்குமேல் சுமையோடு வர முடியாது என்று உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே தண்ணீர் இல்லை. உச்சிக்கருகே ஓர் ஊற்று உண்டென்று தெரியும். ஆகவே ஆளுக்கொரு போர்வையும் உணவும் மட்டும் எடுத்துக்கொண்டு, வழிகாட்டிய முதிய மலாய்க்காரரையும் அவர் மகனையும் அழைத்துக்கொண்டு வாலஸும் மலாக்கா இளைஞரும் முன்னே போனார்கள். மலாய் அரச வரலாற்று ஏடுகளில் வரும் லேடாங் இளவரசி கதையிலும், அவளைப் பெண் கேட்க மலாக்கா சுல்தான் மஹ்முத் அனுப்பிய தூதுக் குழுவில் பெரும்பாலோர் பாதி வழியில் நின்றுவிட, துன் மாமாட் சிலரோடு மேலே போகிறார். அந்த மலை எக்காலத்திலும் ஆளைப் பாதியாகக் குறைத்தே மேலே விட்டிருக்கிறது.

கடைசி ஏற்றத்தில் முழங்காலளவு பாசி மூடியிருந்ததாக வாலஸ் எழுதினார். இன்று தடத்தின் மேல் அந்தப் பாசி இல்லை. எத்தனையோ ஆயிரம் காலணிகள் மிதித்துத் தேய்த்ததில் வேர்கள் எலும்பாகத் தெரிகின்றன. தடத்தைவிட்டு நாலு அடி தள்ளிப் பார்த்தால் பாசி இருக்கிறது. பார்த்தால் போதும், மிதிக்க வேண்டாம். உச்சிக்குச் சற்றுக் கீழே, தொங்கும் பாறை ஒன்றின் ஒதுக்கில், கசிந்துவரும் நீர் தேங்கும் சிறு குழியோரம் அவர்கள் சுமையை இறக்கினார்கள். குச்சிகளைப் பரப்பி அதன்மேல் போர்வை விரித்துத் தூங்கியதாகவும், இரவு இதமாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அப்படிச் சாய்ந்து நிற்கும் பாறைகள் அங்கே ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. 'வாலஸ் படுத்த இடம் இதுதான்' என்று ஒன்றைக் காட்டும் வழிகாட்டிகளும் உண்டு. அந்தப் பழக்கம் எனக்கு ஒப்பாது.

உச்சியில் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தபோதே அவர் மலையின் உயரத்தையும் அளந்தார். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை என்பது கணக்கு. ஆகவே லேடாங் உச்சியில் தண்ணீர் 96 பாகைக்கு அருகிலேயே கொதிக்கும். நுட்பமான வெப்பமானி கையில் இருந்தால் அதிலிருந்து உயரத்தைக் கணித்துவிடலாம். அவர் சொன்னது 4,000 அடி. இன்றைய அளவு 1,276 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4,186 அடி. காப்பி போட்டுக்கொண்டே செய்த கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தது. வெப்பமண்டலத்தில் தாம் ஏறிய எந்த மலையின் காட்சியும் வேல்ஸில் உள்ள ஸ்னோடன் மலையின் காட்சிக்கு ஈடாகாது என்று அதே இடத்தைப் பற்றி எழுதியவரும் அவர்தான். கண்ணுக்கெட்டிய தூரம் காடு என்பது சலிப்பூட்டும் என்றார். இன்று அந்தக் காட்டின் இடத்தில் செம்பனை வரிசைகள். உச்சிக்கருகே தொலைத்தொடர்புக் கோபுரங்களும் அவற்றுக்கான தார்ச்சாலையும். வியர்வை சிந்தி ஏறியவர்களுக்குச் சாலையைக் கண்டதும் மனம் சோர்ந்துபோவதை வழிகாட்டியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உச்சியைக் குறியாக வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாகில் பாதையை இழித்துப் பேசுவது என் நோக்கமன்று. ஜொகூர் தேசியப் பூங்காவின் ஒழுங்கோடு நடத்தப்படுவது அது. பதிவும் வழிகாட்டியும் கட்டாயம். கொண்டுபோகும் பொருள்களைப் பட்டியலிட்டுக் காட்டி, குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கயிறும் ஏணியுமாக ஏறும் இடங்கள் உண்டு; ஏறுபவர்கள் கே.எஃப்.சி. என்ற பட்டப்பெயரால் அழைக்கும் பாறை ஏற்றமும் அதில்தான் வருகிறது. கினபாலு போன்ற பெரிய மலைக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு அதுவே பொருத்தம். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது பயிற்சி அல்ல. தாம் ஒரு காலத்தில் வேகமாகக் கடந்த இடத்தை இப்போது நிதானமாகப் பார்ப்பது. அதற்கு அசஹான் பக்கமே சரி.

உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் உடன் வந்தாலும் வராவிட்டாலும், அது வேண்டும். தடம் எங்கே விலகியிருக்கிறது, எந்த ஓடை நேற்று பெருகியது என்பவை ஆண்டுக்கொரு முறை வருபவனுக்குத் தெரியாது. வாலஸுக்கும் அப்படித்தான். அந்தக் காட்டில் கேட்டுக்கொண்டே இருந்த ஆர்கஸ் என்ற பெரிய காட்டுப் பறவையின் குரலைக் கேட்டு, அதைச் சுட்டுத் தரமுடியுமா என்று வழிகாட்டிய முதியவரிடம் அவர் கேட்டார். இருபது ஆண்டுகளாக இந்தக் காடுகளில் பறவை சுடுகிறேன், அதை மட்டும் சுட்டதில்லை, யாராவது பிடித்துவைத்த பிறகன்றிக் கண்ணால் கண்டதுகூட இல்லை என்றார் முதியவர். காட்டில் என்ன கிடைக்காது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் ஆள்தான் நல்ல வழிகாட்டி. அவர் பெயரை வாலஸ் எழுதிவைக்காமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது; ஏனென்றால் அந்தப் பயணமே அவருடையது.

அப்பாவின் உடல்நிலை பற்றி. முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் முழங்காலையும் காட்டிவிடுங்கள். அதன்பின் இரண்டு மூன்று மாதம் பயிற்சி போதும். புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான் என்றாலும், முதுகில் ஐந்து கிலோ சுமையோடு அதைத் தொடர்ந்து மூன்று நான்கு தடவை ஏறி இறங்கினால் நல்ல பயிற்சி. மழைநாளில் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் படிகளே போதும். ஆனால் நம்மவர்கள் படியில் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குவார்கள். அது பாதிப் பயிற்சி. அறுபதைக் கடந்தவர்களை மலையில் வருத்துவது பெரும்பாலும் இறக்கம்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசை இரண்டு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும். அதன்பின் எடை முழுவதும் முழங்காலில் இறங்கும். ஆகவே இறங்கியும் பழகட்டும், மெதுவாக, குதிக்காமல். நடைக்கோல் இரண்டு வாங்கிக்கொடுங்கள், ஒன்று போதாது.

பாடாங் பத்துவை அடைய எவ்வளவு நேரமானாலும், பகல் 12 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மலைமேல் நின்று எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடும். பிற்பகல் இடிமழைக்கு முன் ஓடைகளைக் கடந்துவிட வேண்டும். ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கூடினாலோ, ஒரு நொடியும் யோசிக்காமல் கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள்; நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் பெய்த மழை மொத்தமாக வந்து இறங்கும். மலேசியர்கள் அதைக் கெபாலா ஆயர் என்பார்கள். அருவியோரம் குளிக்கும் ஆசையை அதனால்தான் நான் எந்தக் குழுவுக்கும் பிற்பகலில் அனுமதித்ததில்லை.

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்யும் காலம், அப்போது வேண்டாம். வாலஸ் போனது ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்ட நாள்களில். நீங்களும் அதே மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். அசஹான் பக்க அனுமதி நிலவரம் காலத்துக்குக் காலம் மாறுவதால், விடுப்பு எடுப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளி மாலை கடற்பாலத்தில் மாட்டிக்கொள்ளாமல் துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகப் பிற்பகலிலேயே கிளம்பி, ஜாசின் பக்கத்தில் இரவு தங்கி, விடியற்காலையில் மலையடிவாரம் போய்ச் சேருங்கள். தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள். வழிகாட்டியாக அல்லாமல், உங்கள் அப்பாவின் பழைய கூட்டாளியாக நானும் பாடாங் பத்து வரை வருகிறேன்.